ஏற்றத்திற்கு ஒன்று, இறக்கத்திற்கு ஒன்று: சாய்வுத் தண்டின் பருமன் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிக் கண்டி நகரை அடையும் மோட்டார் வண்டியொன்று, அதே தினத்தில் ஹுன்னஸ்கிரியையும் உடுதும்பறையையும் தாண்டி, மஹியங்கனை நோக்கிப் பதினெட்டு வளைவுப் பாதையில் இறங்க நேருமாயின், காலையில் அதனிடம் வேண்டப்பட்ட குணமும் மாலையில் வேண்டப்படும் குணமும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று விரோதமானவையாகவே அமையும். வளைவில் வண்டியின் உடல் ஒரு பக்கமாகச் சரிவதைக் குறைப்பதற்கும், முன் சில்லுகளும் பின் சில்லுகளும் தத்தம் பிடிமானத்தை எந்த விகிதத்தில் செலவிட வேண்டும் என்பதை நிர்ணயிப்பதற்கும் உதவுகின்ற ஓர் உருக்குத் தண்டு மிகப் பல கார்களின் அடியில் குறுக்காகக் கிடக்கின்றது. கராஜ்களில் அதனை ஸ்டெபிலைசர் பார் என்பர். இங்கே சாய்வுத் தண்டு என்று வழங்குவோம். அதன் பருமன் முன்னச்சில் எவ்வளவு, பின்னச்சில் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்ற வினா எட்டு தசாப்தங்களுக்கு மேற்பட்ட வயதுடையது. அதற்கு அளிக்கப்பட்டுள்ள விடைகளையும், அவை பிறந்த சூழ்நிலைகளையும், கண்டிச் சீமையின் பாதைகளில் அவை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதையும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா பிறந்த விதம்

இருபுறச் சில்லுகளையும் ஒரு முறுக்குத் தண்டினால் இணைத்துச் சாய்வைக் கட்டுப்படுத்தலாம் என்ற உபாயத்துக்கு 1919-ஆம் ஆண்டிலேயே கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அக்காலத்து வண்டிகள் இரு அச்சுகளிலும் கடினமான இலைவில்களின்மேல் நின்றமையால், அவ்வுபாயத்துக்கு உடனடியான தேவை எழவில்லை.

தேவையை உண்டாக்கியது சுகமான பிரயாணத்தின்மீது பிறந்த ஆசை. ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தில் பயின்று, 1930-இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மோரிஸ் ஒலி என்னும் பொறியியலாளர், முன் வில்கள் பின் வில்களைவிட மென்மையாக இருக்குமாயின், மேட்டில் முதலில் ஏறும் முன்பக்கத்தின் மெதுவான ஆட்டத்தைப் பின்பக்கத்தின் விரைவான ஆட்டம் எட்டிப்பிடித்துவிட, வண்டி முன்னும் பின்னுமாகக் குதிக்காமல் சமதளமாக எழுந்து தாழும் என்பதைப் பரீட்சைகளால் காட்டினார். 1934-ஆம் வருடத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் சில்லுகள் தனித்தனியாக மென்வில்களில் தொங்கவிடப்பட்டன. சுகம் கிடைத்தது, ஆனால் முன்பக்கம் மென்மையானவுடன் சாய்வை எதிர்க்கும் பொறுப்பில் பெரும்பகுதி பின்னச்சின்மேல் விழுந்து, வளைவில் வண்டியின் வால் வெளிப்புறம் வீசும் சுபாவம் தலைதூக்கிற்று. மென்வில்லைக் கைவிடாமலே அப்பொறுப்பை முன்னச்சுக்கு மீட்டுக் கொடுப்பதற்கு முன் சாய்வுத் தண்டைவிடச் சுலபமான கருவி வேறில்லை. ஆகவே இத்தண்டு, சாய்வைத் தடுக்கும் கருவி என்ற பெயரோடு வந்தபோதிலும், தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே சமநிலையைத் திருத்தும் கருவியாகவும் இருந்தது. இவ்விரண்டு தொழில்களையும் ஒன்றெனக் கருதியதாலேயே பிற்காலத்து விவாதங்களிற் பாதி குழம்பிப் போயிற்று என்று கூறலாம்.

தண்டு செய்வதும் செய்யாததும்

இரு சில்லுகளும் சேர்ந்து ஒரே மேட்டில் ஏறும்போது தண்டு வாளாவிருக்கும். ஒன்று எழ மற்றொன்று தாழும்போது முறுக்குண்டு எதிர்க்கும். அவ்வெதிர்ப்பு, திண்ணிய உருளைத் தண்டாயின், விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீற்றர் தண்டுக்குப் பதிலாக 22 மில்லிமீற்றர் தண்டைப் பொருத்துவோன் பத்து வீதமே கூட்டியதாக நினைக்கின்றான். உண்மையில் முறுக்கெதிர்ப்பு ஏறத்தாழ 46 வீதம் கூடிவிடுகின்றது. இரு முனைகளிலுமுள்ள கைகளின் நீளத்தையும் கவனிக்க வேண்டும்: கையைப் பத்து வீதம் குறுக்கினால், தண்டைத் தொடாமலே எதிர்ப்பு 23 வீதமளவு ஏறும். 25 மில்லிமீற்றர் விட்டமும் 4 மில்லிமீற்றர் சுவரும் உடைய உட்குழல் தண்டு, அதே விட்டமுள்ள திண்ணிய தண்டின் எதிர்ப்பில் 79 வீதத்தைச் சற்றேறக்குறைய பாதி எடையிலேயே தந்துவிடும். ஆதலின் பருமனை மட்டும் கூறி இரண்டு தண்டுகளை ஒப்பிடுவது பெரும்பாலும் வீண்பேச்சாகவே முடியும்.

தண்டினால் ஆகாத காரியம் ஒன்றுண்டு. வளைவில் உட்சில்லுகளிலிருந்து வெளிச்சில்லுகளுக்கு மாறும் மொத்தப் பாரத்தை அது குறைப்பதில்லை. 1000 கிலோ எடையும், அரை மீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும், 1.4 மீற்றர் சில்லகலமும் கொண்ட கார் ஒன்று, புவியீர்ப்பு வேகவளர்ச்சியிற் பாதியளவு விசையுடன் வளைவில் திரும்பும்போது, சுமார் 180 கிலோ பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றே தீரும். அந்த 180 கிலோவில் எவ்வளவு முன்னச்சின் வழியாகவும் எவ்வளவு பின்னச்சின் வழியாகவும் மாறவேண்டும் என்பதே தண்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது. டயரின் பிடிமானம் பாரத்துக்கு நேர்விகிதமாக ஏறாமல் பின்தங்குவதால், எந்த அச்சில் பாரமாற்றம் அதிகமோ அந்த அச்சு முதலில் வழுக்கும். முன் தண்டைப் பருமனாக்கினால் மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளும்; பின் தண்டைப் பருமனாக்கினால் வால் வீசும். இது பொது விதி.

(நமது வீதிகளில் எங்கும் ஓடும் ஓட்டோவுக்கு இவ்விதியால் யாதொரு பயனுமில்லை. முன்னே ஒற்றைச் சில்லுடைய அவ்வண்டியில் பாரமாற்றம் முழுவதும் பின்னச்சிலேயே நிகழ்வதால், பங்கிடுவதற்கு அங்கே இடமே கிடையாது.)

சாய்வே பகை என்னும் கட்சி

வண்டியை விலைகொடுத்து வாங்குவோரிடையே செல்வாக்கு மிகுந்தது இக்கட்சி: வண்டி சாய்வதனால் பிடிமானம் கெடுகின்றது, சாயாத வண்டியே நல்ல வண்டி, ஆகவே இரு அச்சிலும் கூடியவரை பருத்த தண்டுகளைப் பொருத்துக. இதற்கு முதல் மறுப்பாக நிற்பது 1948-இல் வெளிவந்த சிற்றோவனின் 2சீவி. சாய்வுத் தண்டே இல்லாமல், கண்டோர் அஞ்சுமளவுக்குச் சரிந்துகொண்டு, அவ்வண்டி வளைவுகளில் விடாப்பிடியாகச் சென்றது. மறுகோடியில், 1959-ஆம் வருடத்து மினியும் சாய்வுத் தண்டு இன்றியே பிறந்தது. தாழ்ந்த உடலும் இறப்பர் வில்களும் அதன் தேவையை நீக்கிவிட்டன. சாய்வின் அளவும் பிடிமானத்தின் அளவும் வெவ்வேறு சங்கதிகள் என்பதற்கு இவ்விரு சாட்சிகளும் போதும்.

ஆயினும் இக்கட்சியை முற்றாகத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. 1950-இல் பிரித்தானிய போர்ட் நிறுவனத்தின் கொன்சல் காரோடு பிரசித்தி பெற்ற மக்பேர்சன் அமைப்பில் உடல் சாயும்போது, வெளிச்சில்லும் உடலோடு சேர்ந்து வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் ஓரத்தில் நிற்கத் தொடங்குகின்றது. இத்தகைய வண்டியில் முன் தண்டைச் சற்றுப் பருமனாக்கினால், பாரமாற்றத்தால் இழக்கும் பிடிமானத்தைவிடச் சில்லு நிமிர்ந்து நிற்பதால் பெறும் பிடிமானம் அதிகமாகி, பொது விதிக்கு மாறாக மூக்குத் தள்ளுதல் குறைவதுமுண்டு. ஜப்பானிலிருந்து இங்கு வந்துள்ள சிறிய கார்களின் முன்னச்சில் பெரும்பாலும் இவ்வமைப்பே காணப்படுவதால், விதியும் விலக்கும் ஒரே வண்டியில் எதிரெதிராக இயங்குகின்றன என்பதை மறக்கலாகாது.

பங்கீட்டுக் கட்சி

இரண்டாவது கட்சி பொறியியலாளருடையது. சாய்வெதிர்ப்பின் மொத்தத்தைவிட அதன் பங்கீடே பிரதானம் என்றும், முன்னச்சின் எடைப்பங்கைவிட ஏறக்குறைய ஐந்து வீதம் கூடுதலாக அதன் சாய்வெதிர்ப்புப் பங்கு இருக்குமாறு தொடங்குவது உசிதம் என்றும் இக்கட்சியார் கூறுவர். முதலில் மூக்கு தள்ளினால் சாதாரண சாரதி வேகத்தைக் குறைத்து மீள முடியும். வால் முந்தினால் மீளத் தேர்ச்சி வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இக்கொள்கையை அலட்சியம் செய்ததன் விளைவுக்குப் பெயர்பெற்ற உதாரணம் 1960-ஆம் வருடத்து செவ்ரொலே கோர்வேர். பின்புற இயந்திரமும் ஊசலாடும் பின்னரையச்சுகளும் கொண்ட அவ்வண்டிக்கு முன் சாய்வுத் தண்டு பொருத்தப்படவில்லை. அதற்கு ஈடாக, முன் டயரில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும் பின் டயரில் 26 இறாத்தலும் காற்று வைக்கும்படி உரிமையாளரிடம் கூறப்பட்டது. மனிதர் மறக்கக்கூடிய ஒரு காரியத்தின்மேல் வண்டியின் ஸ்திரத்தன்மையை ஏற்றிவைத்தது அது. 1964-ஆம் வருட மாதிரியில் முன் தண்டு வந்து சேர்ந்தது; 1965-இல் ரால்ப் நேடரின் கண்டன நூல் வெளிவந்தபோது தண்டின் விலையும் உயிரின் விலையும் ஒரே தராசில் வைத்துப் பேசப்பட்டன. 1972-இல் அமெரிக்க அரசின் அறிக்கை, அக்காலத்து ஏனைய கார்களைவிடக் கவிழும் இயல்பு கோர்வேருக்கு அதிகமில்லை என முடிவு கூறியது. ஆகவே இவ்வுதாரணத்தைப் பயன்படுத்துவோர் சற்றே அடக்கத்துடன் பயன்படுத்துதல் நலம். அதே வகைப் பின்னச்சுடைய வொக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 1960-ஆம் வருட மாதிரி முதல் முன் தண்டு கிடைத்துவிட்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

பங்கீட்டுக் கட்சியின் பலவீனம் வேறிடத்திலுள்ளது. மொத்தச் சாய்வெதிர்ப்பில் 60 பங்கு முன்னச்சிலும் 40 பங்கு பின்னச்சிலும் உள்ள கார் ஒன்றில், முன்பங்கில் மூன்றிலொன்று தண்டிலிருந்து வருவதாகக் கொள்வோம். 20 மில்லிமீற்றர் தண்டை 22 ஆக்கினால் முன்பங்கு 60-இலிருந்து சுமார் 63½ வீதமாகின்றது. மேலே கூறிய 180 கிலோவில் ஆறு கிலோவே இடம்மாறுகின்றது. புதிய தண்டு பொருத்திய அன்றே வண்டி அடியோடு மாறிவிட்டதென்று கூறும் சாரதி உணர்ந்தது இந்த ஆறு கிலோவையா? சாய்வு எட்டு வீதம் குறைந்ததையும், ஸ்டியரிங்குக்கு உடல் விரைந்து பதிலளித்ததையும், பழைய தண்டோடு கழற்றி எறியப்பட்ட தேய்ந்த இறப்பர் புஷ்களுக்குப் பதிலாகப் புதியவை வந்ததையுமே அவன் பெரும்பாலும் உணர்ந்திருக்கலாம். பிடிமானத்தின் எல்லையில் நிகழ்வது வேறு. எல்லைக்குப் பாதி வழியில் ஆசனத்தில் உணரப்படுவது வேறு. சான்று என்று முன்வைக்கப்படுபவற்றில் பெரும்பகுதி பின்னையதைச் சேர்ந்தது.

வில்லா, தண்டா?

மென்வில்லும் பருத்த தண்டுமா, கடுவில்லும் மெல்லிய தண்டுமா என்பது ஓட்டப் பந்தயக்காரரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. தண்டுக்காரர் சுகத்தைக் காட்டி வாதிடுவர். வில்காரரோ, ஒற்றைச் சில்லு குழியில் இறங்கும்போது தண்டு அவ்வதிர்ச்சியை மறுசில்லுக்கும் கடத்தி, இரு சில்லுகளின் சுதந்திரத்தையும் கெடுக்கின்றது என்பர். வழுவழுப்பான பந்தயப் பாதையில் இவ்வாதத்துக்கு வலுக் குறைவு. ஓரம் இடிந்த தாரும், வடிகாலுக்கு அருகே அரித்த பள்ளமும், மழையில் மண் சரிந்து ஒட்டுப்போட்ட துண்டுகளும் கலந்த மலைப்பாதையில் வலு அதிகம். அத்தகைய பாதையில் குழிகள் இருபுறமும் இணையாக வருவதில்லை. மழைநாளில் பந்தயக்காரரே தண்டுகளைத் தளர்த்துவதும், சிலவேளை கழற்றிவிடுவதும் இங்கே கருதத்தக்கது.

மலைச் சரிவில் விதி படும் பாடு

இதுவரை கூறிய கொள்கைகள் யாவும் சமதரையில் வரையப்பட்டவை. வண்டியின் சமநிலையை அளக்கும் சர்வதேச முறையாகிய ஐ.எஸ்.ஓ. 4138 பரீட்சையும் மட்டமான நிலத்தில் நிலையான வட்டத்தில் ஓட்டுவதையே கேட்கின்றது. கண்டியைச் சூழ்ந்த பாதைகளிலோ வட்டம் நிலையானதன்று, நிலம் மட்டமானதுமன்று. 12 மீற்றர் ஆரையுள்ள கொண்டையூசி வளைவொன்றில் மணிக்கு 25 கிலோமீற்றரில் திரும்பினாலே, புவியீர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்கு பக்கவிசை எழும். வேகம் குறைவு என்பதனால் தண்டுக்கு வேலையில்லை என்று எண்ணுதல் பிழை.

முன்னிழுப்புக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; எடையில் 60 வீதம் முன்னே, 40 வீதம் பின்னே; அச்சிடை 2.5 மீற்றர். பத்து வீதச் சரிவில் சீராக இறங்கும்போதே பின்னச்சின் பங்கு இரண்டு வீதம் குறையும். வளைவில் நுழைந்தபின் திடுக்கிட்டுப் பிரேக்கை மேலும் அழுத்தி, புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்களவு வேகத்தைக் குறைத்தால் இன்னும் ஆறு வீதம் குறைந்து, 32 வீதமே பின்னே எஞ்சும். அப்பின்னச்சில் ஆசையோடு பொருத்திய பருத்த தண்டொன்று இருக்குமாயின், ஏற்கனவே பாரம் இழந்த உட்சில்லை அது மேலும் தூக்கி, எஞ்சிய பிடிமானத்தையும் பறித்துக்கொள்ளும். ஈரத்தரையில் வால் வீசுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை.

அதே கார் மறுநாள் ஏறும்போது கதை தலைகீழாகின்றது. பாரம் பின்னே செல்ல, முன் உட்சில்லு இலேசாகி, சாதாரண டிபரென்ஷல் உடைய வண்டியில் வீணே சுழலும். முன் தண்டு பருத்திருப்பின் அச்சுழற்சி மிகும். பின் தண்டு பருத்திருப்பின் பின் உட்சில்லு எழுந்து, முன் உட்சில்லு தரையில் ஊன்றி இழுக்கும். ஏற்றத்தில் நண்பனாகிய பின் தண்டு இறக்கத்தில் சத்துருவாவது இங்ஙனமே. பழைய பின்னிழுப்புக் கார்களிலும் வான்களிலும், ஏற்றத்தில் பின் தண்டே இழுப்பைக் கெடுத்து, முன் தண்டு அதனைக் காக்கும். முன் தண்டுக்கு முதன்மை கொடுத்தால் ஏறும்போது மூக்குச் சற்றுத் தள்ளினாலும், இறக்கத்திலும் அது பின்னச்சுக்குத் துணைநிற்கும். எனவே அவ்வண்டிகளில் முரண் ஓரளவு தணிந்தே இருக்கின்றது. ஆனால் கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வானின் கூரையில் பயணப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தால், புவியீர்ப்பு மையம் உயர்ந்து, பங்கிடவேண்டிய மொத்தப் பாரமே பெருகிவிடும். அப்போது எந்தத் தண்டின் பருமனும் கூரைச்சுமையைக் குறைப்பதற்கு ஈடாகாது.

மலைநாட்டுப் பந்தய அனுபவத்தைச் சான்றாகக் கொள்வோரும் உளர். நுவரெலியாவில் 1934 முதல் புகழ்பெற்ற மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி அத்தகைய அனுபவத்தின் பழைய களம். அங்கே கடிகாரம் ஏறுவதை மட்டுமே அளக்கின்றது. இறங்குவதற்கு அங்கே பரிசில்லை. ஏற்றத்தில் வெற்றி தந்த தண்டளவைக் குடும்பத்தோடு இறங்கும் காருக்குச் சிபாரிசு செய்பவர் அளவையியலில் ஒரு படியைத் தாண்டிவிடுகின்றார்.

யந்திரத்தின் சமரசம்

ஒரே தண்டு இரு வேறு குணங்களைக் காட்டினால் முரண் தீருமல்லவா என்ற எண்ணம் சில தசாப்தங்களாக வேலை செய்து வருகின்றது. 1994-இல் சிற்றோவன் சன்ரியா அக்டிவா, நீரழுத்தத்தால் சாய்வைச் சுமார் அரைப் பாகைக்குள் அடக்கிக் காட்டியது, 2001-இல் பீ.எம்.டபிள்யூ. தனது பெரிய காரில் முறுக்கு மோட்டாரைத் தண்டின் நடுவே வைத்தது; டொயோட்டாவின் சில பெரிய ஜீப்புகளில் கரடான நிலத்தில் தண்டுகளை நீரழுத்தம் தானே தளர்த்துகின்றது. இலத்திரனியல் ஸ்திரக் கட்டுப்பாடும் வந்தபின், வால் வீசுமுன் தனிச்சில்லுப் பிரேக்கினால் திருத்தும் காவலன் ஒருவன் கிடைத்துவிட்டான். ஆனால் இறக்குமதி 2020 மார்ச்சில் தடைப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு மீண்டும் திறந்த இந்நாட்டில், வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை இவ்வசதிகளை அறியாதவை. அவற்றின் தண்டுகளுக்கும் புஷ்களுக்கும் வயது அதிகம்.

தீர்ந்ததும் தீராததும்

ஆராய்ந்தவற்றைச் சீர்தூக்கும்போது சில முடிவுகளைச் சந்தேகமின்றி ஏற்கலாம். தேய்ந்த புஷ்ஷும் ஆடும் லிங்கும் உள்ள வண்டியில் தண்டு அவ்விடைவெளியைக் கடக்கும்வரை செயலற்றுக் கிடக்கும். அவற்றை மாற்றாமல் பருமனைப் பற்றி ஆலோசிப்பதில் பொருளில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனை இக்குறையைக் காட்டித் தராது. முன்னிழுப்புக் காரின் பின் தண்டைப் பருமனாக்குவதில் கிடைக்கும் லாபம் ஏற்றத்துக்குரியது, நஷ்டம் இறக்கத்துக்குரியது. ஏற்றத்தில் தவறினால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறினால் பள்ளம் காத்திருக்கும். ஆகையால் மலைப்பாதைகளில் நாள்தோறும் ஓடும் அத்தகைய காருக்கு, உற்பத்தியாளர் வைத்த பின் தண்டைவிடப் பருத்ததைப் பொருத்துவதில் தயக்கம் காட்டுவதே எமது அபிப்பிராயத்தில் விவேகம். முன் தண்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச இயலவில்லை. மக்பேர்சன் விலக்கு எந்த வண்டியில் எவ்வளவு தூரம் பொது விதியை வெல்கின்றது என்பது டயரையும் அதன் காற்றழுத்தத்தையும் பொறுத்து வண்டிக்கு வண்டி மாறும்.

ஈரமான சரிவில், பிரேக்கும் திருப்பமும் ஒருங்கே நிகழும்போது, தண்டின் ஒரு மில்லிமீற்றர் எவ்வளவு மதிப்புடையது என்பதை மட்டநிலப் பரீட்சைகள் கூறுவதில்லை. சரிவின் வீதத்தையும் வளைவின் ஆரையையும் குறித்து, ஒரே காரில் இரண்டு மூன்று தண்டுகளை மாற்றி, ஏறியும் இறங்கியும் அளப்பது பெருஞ்செலவுள்ள காரியமன்று. பேராதனையில் பொறியியற் பீடமும் அதற்கு அண்மையில் வேண்டிய வகைப் பாதைகளும் உள்ளன. அத்தகைய அளவீட்டில் சாரதியின் உணர்வைப் பதிவுசெய்வதா, வழுக்கற் கோணத்தைக் கருவியால் அளப்பதா, இரண்டும் முரண்படுமிடத்தில் எதற்கு முதலிடம் தருவது என்பவை அதற்குமுன் தீர்க்கப்பட வேண்டிய தனி வினாக்கள்.